கரியாலூர் வரை தாங்குமா உங்க லேப்டாப்? - பட்ஜெட்டில் வாங்குறவங்களுக்கு ஒரு கைடு

"முப்பத்தஞ்சாயிரத்துக்குள்ள ஒரு நல்ல லேப்டாப் சொல்லுங்க..." ஒவ்வொரு ஜூன் மாசமும் காலேஜ் அட்மிஷன் முடிஞ்ச கையோடு கேட்கப்படும் கேள்வி இது. கடையில் கேட்டால், "எல்லாமே சூப்பரா ஓடும் தம்பி" என்பார்கள். யூடியூபில் பார்த்தால், ஏசி ரூமில், நல்ல வைஃபையில், பக்கத்திலேயே சார்ஜரை வைத்துக்கொண்டு ரிவ்யூ போடுகிறார்கள். நாம் பயன்படுத்தப் போகிற இடம் அப்படியா இருக்கு?

அதனால் இந்தக் கட்டுரைக்கு ஒரு ஊரை அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம். கள்ளக்குறிச்சி மாவட்டம், கல்வராயன்மலையில் இருக்கும் கரியாலூர். கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை. டூரிஸ்ட்டுகளுக்கு படகுச் சவாரி, மேகம் அருவி, பெரியார் அருவி என்று நினைவுக்கு வரும். அங்கேயே வாழ்கிற மலையாளி பழங்குடி மக்களுக்கோ சாலை, பஸ், கரன்ட், டவர் எல்லாமே தினசரிக் கவலை. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து கல்வராயன்மலை மக்களின் அடிப்படை வசதிகள் பற்றி வழக்கு எடுத்து விசாரித்தது.

இந்த மலையிலிருந்து கீழே இறங்கி காலேஜ் படிக்கும் ஒரு பிள்ளைக்கு லேப்டாப் என்பது வீட்டில் பல மாசம் மரவள்ளியும் சாமையும் போட்டு, கடுக்காய் பொறுக்கிச் சேர்த்த காசு. தப்பான மாடல் வாங்கிவிட்டால் இன்னொன்று வாங்க முடியாது. டிகிரி முடிகிற வரை அதோடுதான் மல்லுக்கட்டணும். அங்கே ஒழுங்காக வேலை செய்கிற லேப்டாப், சென்னை ஹாஸ்டலிலும், ராத்திரி ரயிலிலும், நீங்க வீக் எண்ட் டூர் போகும் இடத்திலும் தாராளமாக வேலை செய்யும். நகரத்து டேபிளை மட்டும் மனதில் வைத்து வாங்கியது மலையில் திணறலாம்.

அரசு லேப்டாப் வருதா? முதல்ல அதைப் பாருங்க

கடைக்குப் போவதற்கு முன் ஒரு விஷயம். தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. அன்றைக்குக் கொடுத்த மெஷின்களில் 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க். உங்க அண்ணனோ அக்காவோ வாங்கியது இன்னும் வீட்டுப் பரணில் இருக்கலாம். இடையில் நின்றுபோன திட்டத்துக்குப் பதிலாக, 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுக்கப்போவதாக அறிவித்து, 'உலகம் உங்கள் கையில்' என்ற பெயரில் 2026 ஜனவரியில் வழங்க ஆரம்பித்தார்கள். இதில் 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, இன்டெல் ஐ3 அல்லது ஏஎம்டி ரைசன் 3 ப்ராசஸர்.

நீங்க அரசுக் கல்லூரியில் படிக்கிறீர்கள் என்றால், உங்க பேர் லிஸ்ட்டில் இருக்கா என்று காலேஜ் ஆபீஸில் கேட்காமல் வட்டிக்குக் கடன் வாங்கி இன்னொன்று வாங்கிவிடாதீர்கள். சொந்தக் காசில் வாங்குபவர்களுக்கும் இந்த ஸ்பெக் ஒரு நல்ல அடிக்கோடு. அரசே மொத்தமாகக் கொடுக்கும் மெஷினில் 8 ஜிபியும் எஸ்எஸ்டியும் இருக்கும்போது, அதைவிடக் குறைந்ததற்கு நாம் ஏன் காசு கொடுக்கணும்?

பேர்ல இருக்கு சூட்சுமம்

ப்ராசஸர் விஷயத்தில்தான் கடைகளில் அதிகம் குழப்புவார்கள். "இன்டெல் சார்" என்றால் போதாது. இன்டெல் என்ன? செலரான் என்4020, என்4500 என்று இருந்தால் வெறும் 2 கோர். விண்டோஸ் 11 அதில் ஓடும்தான். ஆனால் ப்ரௌசரில் 5 டேப், பக்கத்தில் ஒரு வேர்டு ஃபைல் திறந்தால் மூச்சு வாங்கும். 2023-ல் வந்த என்100-ல் 4 கோர் இருக்கிறது, கரன்ட்டும் குறைவாகத் தின்னும். டைப்பிங், ஆன்லைன் கிளாஸ், வீடியோ பார்ப்பது மட்டும்தான் என்றால் அது ஓகே. கோடிங், போட்டோ எடிட்டிங், கொஞ்சம் பெரிய எக்செல் என்று போனால் ஐ3-1215யு மாதிரியானதைப் பாருங்கள். அதில் மொத்தம் 6 கோர். பட்ஜெட் வரிசையில் என்னைக் கேட்டால் நியாயமான சாய்ஸ் இதுதான்.

ஏஎம்டி பக்கம் ஒரு சின்ன ரகசியம். ரைசன் 3 7320யு என்று எழுதியிருந்தால் 7000 சீரிஸ், புதுசு என்று நினைப்போம். அந்த நாலு எண்ணில் மூன்றாவதைப் பாருங்கள்: 2. உள்ளே இருப்பது ஜென் 2 என்ற 2019-ம் வருஷத்து டிசைன் என்று அர்த்தம். 7530யு என்றால் மூன்றாவது எண் 3, அதாவது ஜென் 3. 7640யு என்றால் ஜென் 4. எல்லாமே '7000 சீரிஸ்' என்ற ஒரே போர்டுக்குக் கீழேதான் விற்கப்படும். 7320யு மோசம் என்று சொல்லவில்லை. 4 கோர் இருக்கு, அன்றாட வேலைக்குப் போதும். ஆனால் புதுசு என்ற விலைக்கு அதை வாங்காதீங்க.

8 ஜிபிக்குக் கீழே இறங்காதீங்க

விண்டோஸ் 11 ஓட மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்சம் 4 ஜிபி ரேம், 64 ஜிபி ஸ்டோரேஜ். 4 ஜிபி மெஷினில் பாதிக்கு மேல் விண்டோஸே எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில்தான் உங்க க்ரோம் வாழணும்.

8 ஜிபி என்று முடிவு செய்தபிறகு கேட்க வேண்டிய அடுத்த கேள்வி: "பின்னாடி ரேம் ஏத்த முடியுமா?" சில மாடல்களில் ரேம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். வாங்கின அளவுதான் கடைசி வரைக்கும். மேலே சொன்ன 7320யு மெஷின்கள் எல்லாம் இந்த ரகம். ஒரு ஸ்லாட் காலியாக இருந்தால், இப்போ 8 வாங்கி, கேம்பஸ் இன்டர்வியூ சமயத்தில் இன்னொரு 8 போட்டுக்கொள்ளலாம். ஒண்ணு மட்டும், 2025 கடைசியிலிருந்து ஏஐ சர்வர்களுக்கான டிமாண்டால் மெமரி விலை ஏறிப்போய் இருக்கிறது. போன வருஷம் ரிவ்யூவில் சொன்ன விலையை இன்றைக்கு எதிர்பார்த்துக் கடைக்குப் போனால் ஏமாற்றம்தான்.

ஸ்டோரேஜில் 'இஎம்எம்சி' என்று இருந்தால் நகர்ந்துவிடுங்கள். அது போனில் வரும் பழைய வகை மெமரி, லேப்டாப்புக்கு ரொம்ப மெதுவு. எஸ்எஸ்டி, முடிந்தால் என்விஎம்இ வகை. ஹார்டு டிஸ்க் வேண்டவே வேண்டாம். உள்ளே தட்டு சுழலும் சாதனம் அது. கல்வராயன்மலை வளைவுகளில் பஸ் தூக்கிப் போடுவதை அது விரும்பாது. எஸ்எஸ்டியில் அசையும் பாகமே இல்லை. அப்புறம், 512 ஜிபி வாங்கினால் விண்டோஸில் 476 என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, இரண்டு பேரும் ஜிபியை எண்ணும் முறை வேறு, அவ்வளவுதான்.

பேட்டரி: 'எம்ஏஎச்'சை மறந்துடுங்க

நாம எல்லாரும் போன் வாங்கிப் பழகியவர்கள். 5,000 எம்ஏஎச் பெருசு, 4,000 சின்னது. அதே கண்ணோடு லேப்டாப் ஸ்பெக்கில் 3,640 எம்ஏஎச் என்று பார்த்தால், "என்னது, என் போனைவிடக் கம்மியா?" என்று தோன்றும்.

வோல்டேஜ் வேறு என்பதுதான் விஷயம். லேப்டாப் பேட்டரி 11.4 வோல்ட் என்றால், அதை 3.64 ஆம்பியர் ஹவரால் பெருக்குங்கள். 41.5 வாட் ஹவர் வரும். போனின் 5,000 எம்ஏஎச்சை அதன் 3.85 வோல்ட்டால் பெருக்கினால் 19 வாட் ஹவர் சொச்சம். ஆக லேப்டாப் பேட்டரி உங்க போனைப் போல இரண்டு மடங்கு. லேப்டாப்பை ஒப்பிடும்போது இந்த வாட் ஹவர் கணக்கு மட்டும்தான் உதவும்.

அடுத்து, எவ்வளவு நேரம் வரும்? பெட்டியில் '10 மணி நேரம்' என்று அச்சடித்திருக்கும். வெளிச்சத்தைக் குறைத்து, வேறெதுவும் ஓடாமல் ஒரு வீடியோவை மட்டும் ஓடவிட்டு எடுக்கிற மாதிரியான கணக்கு அது. டைப்பிங், ப்ரௌசிங் என்று சாதாரணமாகப் பயன்படுத்தும்போது பட்ஜெட் லேப்டாப் சுமார் 8 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 41 வாட் ஹவர் பேட்டரி 5 மணி நேரம் வரும். வீடியோ காலில், முழு வெளிச்சத்தில் 12 வாட் வரை போனால் மூன்றரை மணி நேரத்தைக்கூடத் தொடாது. மழைக்காலத்தில் மரம் சாய்ந்து காலையில் போன கரன்ட், சாயங்காலம் வரும் ஊரில் இந்த ஒன்றரை மணி நேர வித்தியாசம் ஒரு ஆன்லைன் தேர்வைக் காப்பாற்றலாம். 50 வாட் ஹவருக்கு மேல் பேட்டரி உள்ள மாடல் ஆயிரம், ரெண்டாயிரம் கூட என்றால், டிஸைன், கலர், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்து அதை வாங்கலாம்.

பவர் பேங்க் வைத்து லேப்டாப் சார்ஜ் பண்ணலாமா? பண்ணலாம், இரண்டு கண்டிஷன் உண்டு. லேப்டாப் டைப் சி போர்ட் வழியே சார்ஜ் ஏற்கணும். பட்ஜெட் மாடல்கள் பலவற்றில் டைப் சி ஓட்டை இருக்கும், ஆனால் டேட்டாவுக்கு மட்டும். சார்ஜுக்கு உருண்டை பின்தான். ஸ்பெக்கில் 'பவர் டெலிவரி' என்ற வார்த்தையைத் தேடுங்கள். இரண்டாவது, பவர் பேங்க் 45 அல்லது 65 வாட் கொடுக்கணும். நம்ம கையில் இருக்கும் 18 வாட், 22.5 வாட் பவர் பேங்க்குகள் போனுக்குத்தான் சரி. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க்கில் இருப்பது 74 வாட் ஹவர். வழியில் விரயமாவது போக, 41 வாட் ஹவர் லேப்டாப்பை ஒரு தடவை முழுசாக ஏற்றலாம். ஃப்ளைட்டில் போகிறவர்களுக்கு: 100 வாட் ஹவர் வரைதான் தனி அனுமதி இல்லாமல் எடுத்துப் போகலாம். பவர் பேங்க்கைக் கையில் வைத்துக்கொள்ளும் பையில்தான் வைக்கணும், செக்-இன் பெட்டியில் போடக்கூடாது.

லோ வோல்டேஜும் ரயில் பிளக்கும்

சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் 'இன்புட் 100-240 வோல்ட்' என்று இருக்கும். ட்யூப்லைட்டைத் திணறவைக்கும் லோ வோல்டேஜிலும் லேப்டாப் சார்ஜர் வேலை செய்யும் ரகசியம் இதுதான். ரயில் பெட்டிகளில் வருகிற 110 வோல்ட்டிலும் இதே காரணத்தால் பயமில்லாமல் போடலாம். ராத்திரி 11 முதல் காலை 5 வரை அந்த பிளக்குகளை அணைத்துவைக்கச் சொல்லி ரயில்வேயின் உத்தரவு இருப்பதால், ஏறினவுடனேயே சார்ஜ் போட்டுவிடுவது நல்லது.

சார்ஜருக்கு ஆபத்து லோ வோல்டேஜைவிட, இடி மின்னலிலும், போன கரன்ட் திடீரென்று திரும்பி வரும்போதும் அதிகம். மலையில் இடி இடிக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சர்ஜ் ப்ரொடெக்டர் உள்ள எக்ஸ்டென்ஷன் போர்டு ஒன்று வாங்கிவைத்துக்கொள்ளலாம். மெட்டல் பாடி லேப்டாப்பைத் தொடும்போது சுருக்கென்று லேசாக ஷாக் அடிக்கிற மாதிரி இருக்கா? மூணு பின் பிளக்கில் எர்த் சரியாக இல்லை என்பதன் அடையாளம். லேப்டாப்பை ரிப்பேருக்கு அனுப்பும் முன் வீட்டு வயரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மூடித் திறந்து பாருங்க

டிஸ்ப்ளே 1920-க்கு 1080, ஐபிஎஸ். இந்த இரண்டும் இருந்தால் போதும். 1366-க்கு 768 என்று இன்னும் விற்கிறார்கள். தமிழ் பிடிஎஃப் படித்தால் கண் வலிக்கும். வெளிச்சம் பட்ஜெட்டில் பெரும்பாலும் 250 நிட்ஸ்தான். திண்ணை நிழலில் உட்கார்ந்து பார்க்கலாம், வெயிலில் முகம்தான் தெரியும். 300 கிடைத்தால் சந்தோஷம். தினமும் பஸ்ஸில் சுமப்பவர்கள் 14 இன்ச் எடுங்கள், கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோவுக்குள் முடிந்துவிடும். 15.6 இன்ச் ஹாஸ்டல் மேஜையிலேயே கிடக்கப் போகிற மெஷினுக்கு.

ரிவ்யூக்களில் அதிகம் பேசப்படாத ஒன்று, கீல். விலை குறைந்த லேப்டாப்புகளில் கீலைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ பிளாஸ்டிக்கில் பதிந்திருக்கும். ஒரே மூலையைப் பிடித்துத் தூக்கித் தூக்கித் திறந்தால் இரண்டு வருஷத்தில் அந்த பிளாஸ்டிக் உடையும், கூடவே ஸ்க்ரீன் கேபிளும் போகலாம். கடையில் டெமோ பீஸை நடுவில் பிடித்துத் திறந்து பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தாலோ, கீழ்ப்பகுதி வளைந்தாலோ அந்த மாடல் மலைப்பயணத்துக்கு ஆகாது.

கேமரா எல்லாமே சுமார்தான். அதைப் பற்றி யோசித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

டவர் இல்லாத இடத்தில்

நம் ஊரில் பெரும்பாலான லேப்டாப்புகளுக்கு நெட் கொடுப்பது பாக்கெட்டில் இருக்கும் போன்தான். லேப்டாப்புக்கு இது தெரியாது. ஹாட்ஸ்பாட்டை பிராட்பேண்ட் என்று நினைத்து, ஒரே விண்டோஸ் அப்டேட்டில் உங்க ஒரு நாள் டேட்டாவையும் காலி பண்ணிவிடும். வைஃபை செட்டிங்ஸில் போய் உங்க ஹாட்ஸ்பாட்டை 'மீட்டர்ட் கனெக்‌ஷன்' என்று மாற்றிவிடுங்கள். பெரிய அப்டேட்களை கீழே இறங்கி, காலேஜ் வைஃபை கிடைக்கும்போது போட்டுக்கொள்ளலாம்.

ஜன்னலோரம் மட்டும் ஒரு கட்டி சிக்னல் வருகிற வீடுகளில் யுஎஸ்பி டெதரிங் நல்ல வழி. நீளமான கேபிளில் போனை ஜன்னலில் வைத்துவிட்டு நீங்க உள்ளே உட்காரலாம், போனும் சார்ஜ் ஆகும். லேப்டாப் பேட்டரி அந்த அளவுக்குக் குறையும் என்பது ஞாபகத்தில் இருக்கட்டும்.

சிம் போடும் லேப்டாப் கிடையாதா என்றால், இருக்கு. 2023-ல் 16,499 ரூபாய்க்கு வந்த ஜியோபுக்கில் 4ஜி உள்ளேயே இருந்தது, எடையும் 990 கிராம்தான். ஆனால் 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி, விண்டோஸுக்குப் பதில் ஜியோ ஓஎஸ். காலேஜில் கேட்கும் விண்டோஸ் சாஃப்ட்வேர் அதில் ஏறாது. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓகே, டிகிரிக்கு யோசிக்கணும். க்ரோம்புக் வாங்க நினைப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. நெட் இல்லாத நாட்களில் அதன் பாதி உபயோகம் போய்விடும்.

ஆபீஸ் சாஃப்ட்வேருக்குக் காசு இல்லை என்றால் லிப்ரே ஆபீஸ் இலவசம், நெட்டும் தேவையில்லை. தமிழ் டைப்பிங்குக்கு தனியாக எதுவும் வாங்க வேண்டாம். விண்டோஸ் 11-லேயே தமிழ்99 கீபோர்டு இருக்கு.

'ஆன்சைட்' வாரன்ட்டி... எந்த சைட்டுக்கு?

வாரன்ட்டி கார்டில் 'ஆன்சைட் சர்வீஸ்' என்று இருக்கும். வீட்டுக்கே ஆள் வருவார் என்று அர்த்தம். கரியாலூருக்கு வருவாரா? வாங்கும் முன்பே அந்த பிராண்டின் வெப்சைட்டில் உங்க பின்கோடைப் போட்டுப் பாருங்கள், அல்லது கஸ்டமர் கேருக்கு போன் போட்டுக் கேளுங்கள். 'கேரி-இன்' என்று பதில் வந்தால் நீங்கதான் சுமந்து போகணும். மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கினால் முடியுமா, இல்லை அந்த பிராண்டுக்காக சேலமோ விழுப்புரமோ போகணுமா? கொடுக்க ஒரு நாள், வாங்க ஒரு நாள் என்றால் இரண்டு நாள் கூலியும் பஸ் காசும் லேப்டாப் விலையில் சேர்ந்த மாதிரிதான். ஸ்பெக் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பிராண்டில், பக்கத்து டவுனில் சர்வீஸ் சென்டர் இருப்பதை எடுங்கள். ஆன்லைனில் ஆயிரம் ரூபாய் குறைவு என்பதெல்லாம் இதில் அடிபட்டுப் போகும்.

செகண்ட் ஹேண்ட்?

நல்ல யோசனைதான். கம்பெனிகள் மூணு நாலு வருஷம் பயன்படுத்தி விற்கும் பிசினஸ் லேப்டாப்புகள், லெனோவோ திங்க்பேட், டெல் லாட்டிட்யூட் மாதிரியானவை, புது பட்ஜெட் லேப்டாப்பைவிட உறுதியான பாடி, நல்ல கீபோர்டோடு கிடைக்கும். இரண்டு விஷயம் பார்க்கணும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போட இன்டெல் என்றால் 8-வது ஜெனரேஷனாவது வேண்டும். ஆறு, ஏழு என்று சல்லிசாகக் கொடுத்தால் காரணம் இதுதான். அடுத்து பேட்டரி. விண்டோஸில் 'பேட்டரி ரிப்போர்ட்' எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். டிசைன் கெபாசிட்டி 50, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி 28 என்று காட்டினால், புது பேட்டரி விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். பில் இல்லாமல், ஃபைனான்ஸில் தூக்கிய மெஷின் என்று யாராவது சொன்னால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடலாம்.

வாங்கின அன்றைக்கே...

புது லேப்டாப்பைப் பெட்டியோடு மலைக்கு எடுத்துப் போய் வீட்டில் எல்லாருக்கும் முன்னாடி திறக்கணும்னு ஆசையாக இருக்கும். பண்ணாதீங்க. விண்டோஸ் 11 ஹோம் முதல் தடவை செட்டப் ஆகவே நெட்டும், மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டும் கேட்கும். கடையிலேயோ, கீழே நண்பர் வீட்டு வைஃபையிலேயோ செட்டப்பை முடித்து, எல்லா அப்டேட்டும் போட்டுவிட்டு ஏறுங்கள். இப்போது வரும் புது மெஷின்களில் உள்ளே இருக்கும் டேட்டா தானாகவே பூட்டப்படுகிறது. ஏதாவது கோளாறில் அது 48 இலக்க ரெகவரி கீ கேட்டு நின்றுவிட்டால், அது இருப்பது உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில். டவர் இல்லாத இடத்தில் எப்படி எடுப்பீர்கள்? இன்றைக்கே அதை ஒரு நோட்டில் எழுதி, ரேஷன் கார்டு இருக்கும் பையில் போட்டுவைத்துவிடுங்கள்.

ரிட்டர்ன் பண்ணும் கெடு எத்தனை நாள் என்று பில் போடும்போதே கேட்டு, அந்த நாட்களுக்குள் எல்லாவற்றையும் சோதித்துவிடணும். எல்லா போர்ட்டிலும் ஒரு பென் டிரைவ், கீபோர்டில் ஒவ்வொரு கீ, ஹெட்போன், மைக், ஸ்க்ரீன் முழுக்க வெள்ளையாக வைத்து புள்ளி ஏதும் செத்திருக்கா என்று. ஒரு தடவை 100 சதவிகிதத்திலிருந்து 10 வரை சார்ஜர் இல்லாமல் பயன்படுத்தி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வாரன்ட்டி எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது என்று சீரியல் நம்பரைப் போட்டு பிராண்டின் வெப்சைட்டில் பாருங்கள். கடையில் ஆறு மாசம் தூங்கிய பீஸ் என்றால் வாரன்ட்டியும் முன்னாடியே ஓட ஆரம்பித்திருக்கலாம். ஜிஎஸ்டி பில்லைக் காட்டினால் தேதியை மாற்றிக் கொடுப்பார்கள், அதனால் பில்லை ஒரு போட்டோ எடுத்து உங்க மெயிலுக்கே அனுப்பிவைத்துக்கொள்ளுங்கள். கடை பில்லின் இங்க், ஒரு மழைக்காலம் தாண்டினால் அழிந்துபோகும்.